சுரப்பியின் கதவும் நான் சொன்ன ‘இல்லை’யும்

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். என் தங்கையின் குடும்பத்தில் அதன் பிறகு நடந்ததில் பாதிக்கு அந்த ஒரு பொய்தான் காரணம்.

எழுபதைத் தாண்டிய வயதில் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதுகூடச் சரியில்லை. இரண்டு வரி எழுதியதும் எழுந்துவிடுகிறேன். திருப்பரங்குன்றத்தில் என் வீட்டிலிருந்து மலையைச் சுற்றும் பாதை பக்கம்தான். அதில் கொஞ்ச தூரம் நடந்து, வெயில் பொறுக்காமல் திரும்பி வந்து, அடுத்த வரியை எழுதுகிறேன். கால் ஓரிடத்தில் நிற்காமல் போய் நாளாகிவிட்டது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி முன்பே போய்விட்டாள். எனக்கு ஒரே மகன். ஒரே தங்கை பேரையூரில் இருக்கிறாள். அவள் கணவர் சீக்கிரமே இறந்துவிட்டதால் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் தாய்மாமனாகவும் தகப்பனாகவும் நான்தான் முடிவு சொல்வேன். மூத்தவளை அவள் அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். அதே ஊர், தோட்டம் துரவு உள்ள இடம். இளையவளுக்கு என் மகன் என்பது அவர்கள் சிறுவர்களாக இருந்தபோதே எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அவர்களுக்கும் அதில் மனம் இருந்தது. முறை இருந்தது, விருப்பமும் இருந்தது. கல்யாணத்துக்கு மாதம் பார்ப்பதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் மூத்தவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குப்புற விழ வேண்டிய மாதத்தில் விழவில்லை. கழுத்து நிற்கவில்லை. பால் குடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பேரையூரில் பார்த்தார்கள், உசிலம்பட்டியில் பார்த்தார்கள், கடைசியில் மதுரையில் குழந்தை நரம்பு மருத்துவர் ஒருவரிடம் வந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். நானும் கூடப் போனேன். அறைக்குள் மூத்தவளும் அவள் கணவனும், கணவனின் தாயாரும், என் தங்கையும் இருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். படித்தவன் என்பதால்.

“தைராய்டு ரிப்போர்ட் வித்தியாசமா இருக்கு சார்” என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “டி3 கூடியிருக்கு, டி4 குறைஞ்சிருக்கு. சாதாரணத் தைராய்டுக் குறைன்னா இப்படி வராது. ஒரு ஜீன் டெஸ்ட் எடுக்கணும். ரத்தத்த வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்போம்.” பிறகு என் தங்கையிடம் கேட்டார். “அம்மா வழியில, உங்க பக்கத்துல, வேற ஆம்பளப் புள்ள யாராச்சும் இப்படி இருந்துருக்காங்களாம்மா?”

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இருந்தான். எனக்கும் அவளுக்கும் இடையில் எங்கள் அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்தான். தூக்கினால் தலை பின்னால் தொங்கும். உள்ளங்கை எப்போதும் வியர்த்துக் கிடக்கும். கைகால்கள் குச்சியாக இருக்கும். பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணாலேயே சிரிப்பான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனுக்கு விசிறுவது என் வேலை. ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் தங்கை பிறந்தாள். அவனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பெற்றோரும் போன பிறகு, அப்படி ஒருவன் இருந்தான் என்பது உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“இல்லை டாக்டர்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது பல காரணங்கள் சொல்ல முடியும். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தார். ‘அப்ப இது உங்க வீட்டுல இருந்து வந்ததா’ என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருப்பார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் பெயர் அடிபடும் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்தால் இவை எதையும் யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. மறைத்தே பழகிய வாய், தானாக மறைத்தது.

டாக்டர் அடுத்ததாக, “சொந்தத்துல கல்யாணமா?” என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், அத்தை மகன், அதுதான் காரணமாக இருக்கும் என்று ஆரம்பித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குறை வந்து சேர்வதைப் பற்றி வகுப்பே எடுத்துவிட்டேன். “அதுவும் இருக்கலாம் சார். ஆனா டெஸ்ட் எடுத்துட்டா நிச்சயமாத் தெரியும்” என்றார் அவர். பார்ப்போம் என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். தைராய்டு விஷயம் பெரிதில்லை என்று சொன்னேன். அதற்கும் என்னிடம் ஒரு பாடம் தயாராக இருந்தது. பணிக்காலம் முழுக்கக் கரும்பலகையில் நான் போட்ட படம் அது. ஹார்மோன்கள் இரண்டு வகை. இன்சுலின் மாதிரியானவை செல்லுக்கு வெளியே நின்று கதவைத் தட்டும். தைராய்டு ஹார்மோன் மாதிரியானவை எண்ணெயில் கரையும் குணம் உடையவை, செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது, அதனால் அவை கதவே இல்லாமல் உள்ளே போகும், வெளியே வரும். “கதவே வேணாங்கிற பொருளுக்குக் கதவு கெட்டுப்போச்சான்னு டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க” என்று சிரித்துக்கூட வைத்தேன். மூத்தவளின் கணவன் தலையை ஆட்டினான். பாவம், அவன் என்னை நம்பினான்.

நான் பாடம் நடத்திய காலத்திலேயே புத்தகத்தின் புதிய பதிப்பு ஒன்றில் அந்த இடத்தில் ஒரு பத்தி கூடியிருந்தது. தைராய்டு ஹார்மோனும் சவ்வைக் கடக்கத் தனியாக ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது என்று. பாடத்திட்டத்தில் அது இல்லை. தேர்வில் வராததை நடத்தினால் மாணவர்கள் குழம்புவார்கள் என்று தாண்டிப் போனேன். பழைய குறிப்பையே வருடா வருடம் சொல்லி எழுத வைத்தேன். எங்கள் தொழிலில் இது வழக்கம். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

காரில் பேரையூருக்குத் திரும்பும்போது திருமங்கலம் தாண்டியதும் தங்கை கேட்டாள்.

“அண்ணே, சொந்தத்துல கட்டுனதுனாலதான்னா, அப்ப நம்ம சின்னவளுக்கு?”

அந்த இடத்தில் சரிசெய்திருக்கலாம். காரை நிறுத்தச் சொல்லி, தங்கச்சி, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூத்தவள் குழந்தையின் தலையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டு என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன காரணத்தை நானே எப்படி மீறுவது.

“சின்னவளுக்கு வெளியில பாப்போம்” என்றேன்.

என் மகன் சண்டை போட்டான். சத்தம் போடும் சுபாவம் அவனுக்குக் கிடையாது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “டெஸ்ட் எடுப்போம்ப்பா. நானும் எடுக்குறேன், அவளும் எடுக்கட்டும். ஒண்ணும் இல்லன்னா கல்யாணம். இருந்துச்சுன்னா நாங்க யோசிச்சுக்கிறோம்” என்றான். அதைவிட நியாயமான பேச்சு கிடையாது. அவளுக்குச் சோதித்தால் வேறு ஏதாவது தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் பயம். வேண்டாம் என்றேன்.

“டெஸ்ட் வேணாம்னு சொல்ற ஒரே சயின்ஸ் வாத்தியார் நீங்கதாம்ப்பா” என்றான். கோயம்புத்தூரில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு அங்கேயே கல்யாணமும் ஆயிற்று.

இளையவளைச் சமயநல்லூரில் கொடுத்தோம். சொந்தமே இல்லாத குடும்பம். மாப்பிள்ளை சாலையோரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் படிந்த, பேச்சு குறைந்த பையன். தாய்மாமன் சீரோடு மேளம் வைத்துப் போனேன். தாய்மாமன் மாலையையும் நான்தான் போட்டேன். குனிந்தவள் நிமிர்ந்து ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் கேட்டால் நன்றாக இருக்கிறான் என்றார்கள். நான் அதிகம் போகவில்லை. காது குத்துக்கு அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். இளையவளுக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அதனால் அவள் அம்மாவின் அண்ணனான நான் அந்த இடத்தில் உட்கார வேண்டும். சமயநல்லூரை ஒட்டி அவர்களுடைய குலசாமி கோயில். வேப்பமரத்தடியில் சமுக்காளம் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். புதுச் சட்டை போட்ட குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள்.

“தலைய நேராப் பிடிங்கய்யா” என்றார் ஆசாரி.

பிடித்தேன். பிடியைத் தளர்த்தியதும் தலை பின்னால் என் கை மேல் சாய்ந்தது.

“ஐயா, நேரா.”

உட்காரும் வயதைத் தாண்டிய குழந்தை. உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்தக் கையை விரலால் தொட்டேன். அண்ணாந்து என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். நான் விசிறிய முகம் அது. நான் தலையைப் பிடிக்க மறந்ததைப் பார்த்து, “பெரியவருக்கு ரத்தம்னா ஆகாது போல, மாப்ள, நீ பிடி” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை வந்து மகனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எத்தனையோ முறை பிடித்துப் பழகிய கை அது என்று பார்த்ததுமே தெரிந்தது.

பந்தியில் உட்காராமல் பாத்திரம் கழுவும் பக்கமாகப் போய் நின்றேன். அங்கே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“மாசமா இருக்கைல ஒழுங்காத் தின்னாளா அவ? மனசு பூராம் மாமன் மகன் மேலயில்ல இருந்துச்சாம். அழுதுக்கிட்டே கெடந்தா புள்ளைக்கு எங்கிட்டுருந்து தெம்பு வரும்?”

“மாமியா வேற எடம் பாக்குறாகளாமே.”

“பின்ன. ஒரே பையன். பேரையூருக்கே அனுப்பிருவாக.”

இளையவளின் வாழ்க்கை அந்த வீட்டில் நிற்குமா நிற்காதா என்பது எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது. அவள் கர்ப்பத்தில் அழுதாளா இல்லையா என்பதில். அழ வைத்தவன் நான். ஆனால் குழந்தைக்கு வந்ததற்கும் அவள் அழுகைக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து படித்தேன். பல வருடங்களுக்கு முன் தாண்டிப் போன அந்தப் பத்தியிலிருந்து ஆரம்பித்து, போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு பக்கம் படிப்பேன், எழுந்து நடப்பேன், பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏறுவேன், வேலை எதுவும் இல்லாமல் டவுன்ஹால் ரோட்டில் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைராய்டு ஹார்மோனுக்கு டி4, டி3 என்று இரண்டு வடிவங்கள்; வீரியம் கூடியது டி3. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை ஒரு பெரிய புரதத்தோடு கோத்துப் பாகு மாதிரிச் சேர்த்து வைத்திருக்கிறது. தேவைப்படும்போது செல் அந்தப் பாகில் கொஞ்சம் விழுங்கி, ஹார்மோனைத் தனியே நறுக்கி எடுக்கிறது. இப்போது அது செல்லுக்குள் இருக்கிறது. ரத்தம் வெளியே ஓடுகிறது. நடுவில் சவ்வு. எண்ணெய் எண்ணெயில் கலப்பது போல அது தானாக வெளியேறிவிடும் என்றுதான் நான் நடத்தினேன். அப்படி இல்லை. சவ்வில் குறுக்கே பதிந்த ஒரு புரதம் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்து ஹார்மோனை வாங்கி, தன்னை வளைத்து, மறுபக்கம் திறந்து விடுகிறது. சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வெளியேற அது உதவுகிறது. மூளைக்குள் நுழையவோ, அது இல்லாவிட்டால் ஏறக்குறைய வழியே இல்லை. அந்தப் புரதம் கெட்டால் ஹார்மோனில் ஒரு பகுதி சுரப்பியிலேயே தங்கிப்போகிறது, ரத்தத்தில் டி4 குறைகிறது. உள்ளே தங்கியது டி3 ஆக மாறிப் பின்னர் வெளியே வந்து கூடிப்போகிறது. வேறு கதவுகள் உள்ள உறுப்புகளுக்கு அது அதிகமாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் அந்த வியர்வை, அந்த இதயத் துடிப்பு, சதை பிடிக்காத கைகால். வளர வேண்டிய மூளைக்கு மட்டும் போதுமானது போவதில்லை. உடம்பு மிதமிஞ்சி எரிய, மூளை பட்டினி கிடக்கிறது.

அந்தப் புரதத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணிடம் எக்ஸ் இரண்டு, ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளிக்கும். அவளுக்கே தெரியாது. ஆணிடம் ஒன்றுதான். தாயிடமிருந்து மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை மகனைக் கட்டினாலும் அடுத்த மாநிலத்துக்காரனைக் கட்டினாலும் அது மாறாது. அம்மாவிடமிருந்து என் தம்பிக்குப் போனது. எனக்கு வரவில்லை. தங்கைக்கு ஒளிந்து வந்தது, அவளிடமிருந்து இரண்டு பெண்களுக்கும். டாக்டர் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றே அவர் இதைச் சொல்லியிருப்பார். இளையவள் தெரிந்துகொண்டு தன் வாழ்க்கையை முடிவு செய்திருப்பாள். என் மகனோடோ, யாரோடோ.

சுரப்பியில் தங்கிப்போன ஹார்மோனையும் என்னிடம் தங்கிப்போன சொல்லையும் சேர்த்துப் பேச ஆசை வருகிறது. கூடாது. அந்தச் செல்லுக்குக் கதவு இல்லை. எனக்கு வாய் இருந்தது.

முதலில் அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சின்னப் பொண்ணு வந்தா டெஸ்ட் பண்ணலாம் சார். அவங்க சம்மதம் வேணும். நீங்க சொன்னதுக்காகப் பண்ண முடியாது” என்று மட்டும் சொன்னார். மருந்து உண்டா என்று கேட்டேன். வெளிநாட்டில் ஒன்று கொடுக்கிறார்கள், டி3 மாதிரியே ஒரு பொருள், இந்தக் கதவு இல்லாமலும் செல்லுக்குள் போகும், எடையும் இதயத் துடிப்பும் சீராகலாம் என்றார். “கழுத்து நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சமயநல்லூர் போனேன். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இளையவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைப் பற்றி, டாக்டரின் கேள்வியைப் பற்றி, காரில் நடந்ததைப் பற்றி. அவள் நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி, தொண்டையைத் தடவி விழுங்க வைத்தல், வாயைத் துடைத்தல், அடுத்த கரண்டி.

“கோயம்புத்தூர் மச்சானுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“அக்காவுக்கு?”

“உனக்குத்தாம்மா மொதல்ல.”

“எனக்குத்தான் மொதல்லயா” என்றாள். அடுத்த கரண்டியை ஊட்டிவிட்டு, “இப்பவும் நீங்க சொல்றது நெசந்தான்னு நா எப்படி நம்புறது? அப்பவும் இப்படித்தான் விளக்கமாச் சொன்னீக” என்றாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“டெஸ்ட் எடுப்போம். அவரையும் கூட்டிக்கிட்டு வாரேன். உங்க பேச்ச நம்பி இன்னொரு தடவ எதையும் முடிவு பண்ண மாட்டேன் மாமா.”

எடுத்தார்கள். முடிவு வர வாரங்கள் ஆயின. டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பையனுக்கு அந்த ஜீனில் கோளாறு, அது தாய் வழியாக வந்தது. வீட்டில் மாமியார் விஷயத்தைக் கேட்டதும் மாதக்கணக்கில் சொல்லிவந்ததை மாற்றிக்கொண்டார். அழுததால் வந்தது என்றவர், அப்படியானால் இவள் கொண்டுவந்தது என்றார். பேரையூரிலிருந்து பெரியவர்கள் வந்து பெண்ணை அழைத்துப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். பெரியவர் என்றால் நான்தான்.

போகும் முன் இளையவள் போனில் சொன்னாள். “எனக்காகக் கெஞ்ச வேணாம். எங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அம்புட்டுத்தான். அதச் சொல்லுங்க.”

அவர்கள் வீட்டு முன்னறையில் மாமியாரும், அவருடைய அண்ணன் ஒருவரும், மாப்பிள்ளையும் இருந்தார்கள். சொன்னேன். இந்த முறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான், இதே மாதிரி, நான் மறைத்தேன், இவர்கள் யாருக்கும் தெரியாது என்றேன்.

“மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீகன்னு சொல்லுங்க” என்றார் அந்த அண்ணன்.

“நான் மறைச்சேன். அவங்க இல்ல.”

“நீங்கதான தாய்மாமன்? நீங்க வேற குடும்பமா? மாலை போட்டது யாரு, சீர் கொண்டாந்தது யாரு? படிச்ச மனுசன்னு ஒரு வார்த்த வெசாரிக்காமக் கட்டுனோம்.”

“ஏய்ச்சுப்புட்டாக” என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். “எம்புள்ளைய ஏய்ச்சுப்புட்டாக.”

என் ஒப்புதல் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று தெரிந்தது. நான் பேசப் பேச அவள் கழுத்தில்தான் அது இறுகியது. எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது. அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

“அவளுக்கே தெரியாதுங்கிறாருல்லம்மா. பெறகு அவள எதுக்கு அனுப்பணும்?”

“நீ சும்மாயிரு.”

“அம்புட்டு மாசமா அவ அழுதே புள்ளையக் கெடுத்தான்னு சொன்னோம். நானுந்தான் நெனச்சேன்.” நகத்திலிருந்த வார்னிஷைச் சுரண்டினான். “அது பொய்யின்னு ஆகிப்போச்சு. மொதல்ல அதுக்கு என்ன சொல்றதுன்னு பாப்போம்.”

மாமியார் இறங்கி வரவில்லை. அந்த மாதமே மாப்பிள்ளை தன் கடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பத்தி அறையை வாடகைக்குப் பிடித்து மனைவியையும் பையனையும் அழைத்துக்கொண்டு போனான்.

பேரையூருக்குப் போய்ச் சொன்னது அதைவிடக் கடினம். தங்கை, “எனக்கு ஒரு அண்ணன் இருந்துருக்கான், அவன் பேரக்கூடச் சொல்லலியேண்ணே” என்றாள். பெயரைச் சொன்னேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. மூத்தவளும் அவள் கணவனும் அந்த முதல் பையனோடு நிறுத்திக்கொண்டவர்கள். தாங்கள் சேர்ந்ததே விஷம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். “நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கவே கூசிப்போய் இருந்தோம் மாமா” என்றாள் மூத்தவள். அழவில்லை. அவள் கணவன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று போய்விட்டான். மகனிடம் போனில் சொன்னேன். “அவகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். “சரி” என்று வைத்துவிட்டான்.

பரிகாரம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஒருநாள் கடைக்குப் போய், மருந்து விஷயமாக நான் அலையட்டுமா, வேறு இடங்களில் விசாரிக்கட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப்போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

“சயின்ஸெல்லாம் டாக்டரம்மா சொல்லுவாக. நீங்க இனிமே அதச் சொல்ல வர வேணாம்” என்றான். கொஞ்சம் சுற்றிவிட்டு, “மத்தியானம் அவ ஒத்தையில கஞ்சி குடுக்கச் செரமப்படுறா. நிமித்திப் பிடிக்க ஒரு ஆள் வேணும். முடிஞ்சா வாங்க” என்றான்.

போகிறேன். பையனை மடியில் வைத்து, தலையை நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அவ்வளவு நேரம் நான் ஆடாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு வேளைதான். இளையவள் என்னிடம் தேவைக்குமேல் பேச மாட்டாள். முடிந்ததும், “சரி, கெளம்புங்க” என்பாள். மருந்துக்கு டாக்டர் எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை.

போன வாரம் கஞ்சி பாதியில் இருக்கும்போது மாமியார் வந்து வாசலில் நின்றார். பிரிந்த பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் முறை. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து பையனை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“இம்புட்டு நாளாப் பிடிக்கிறீக, இன்னும் பிடரியத் தாங்கத் தெரியல. பச்சப்புள்ள மூச்சு முட்டுதில்ல.”

பையன் அவரைப் பார்த்துச் சிரித்தான். இளையவள் ஒரு பாயை இழுத்துச் சுவரோரம் போட்டாள். மாமியார் அதில் உட்கார்ந்து பேரனை நெஞ்சில் சாத்திக்கொண்டார். அவள் அடுத்த கரண்டியை எடுத்தாள். நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கிண்ணம் காலியாகும்வரை நின்றுகொண்டிருந்தேன்.